ரவூப் நானாவின் குடலும் எங்கள் கிளினிக்கும்

போன கிழமை நஸ்ரினா போன் எடுத்தாள். நான் வேலை செய்த நீரிழிவு கிளினிக்கில் இப்போது நர்ஸாக இருப்பவள்.

"மிஸ், சனமெல்லாம் ஒரு பவுடரத் தூக்கிக்கிட்டு வருது. குடல்ல நல்ல பக்டீரியா வளருமாம், சீனி எறங்குமாம். போன்ல வீடியோ காட்டுறாங்க. டொக்டர்மார் ஏசுறாங்க. நான் என்ன செல்லட்டும்?"

"நீ ஒன்றும் சொல்லாதை. முதல்ல கேள்," என்றேன்.

"என்னத்தக் கேக்க?"

அதைப் போனில் சொல்லி முடிக்க ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதத் தெரியும், அவ்வளவுதான்.

பவுடர் விற்கிறவன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. வீடியோவில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறவன் மேல் இன்னும் கோபம். ஆனால் நோயாளியை ஏசுகிற டொக்டர் மேல்தான் எல்லாவற்றையும் விடக் கோபம். ஏசினால் சனம் பவுடரை நிறுத்தாது. எங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்தும். அப்படிச் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தால் ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் ஆற்றுக்குள் போயிருக்கும்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். நர்ஸிங் படிக்கக் கண்டிக்கு வந்தேன், திரும்பிப் போகவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டில் விரித்தோம், ஏச்சு வாங்கினோம், ஊசி போடப் பழகினோம். கன காலம் வார்டில் இருந்தேன். அங்கே ஒரு சிஸ்டரோடு சண்டை பிடித்ததால் தண்டனை மாதிரி கிளினிக்குக்கு அனுப்பினார்கள். பென்ஷன் வரும் வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

கிளினிக் நாளில் சனம் விடியவே வந்து வாங்குப் பலகைகளில் இருக்கும். திகன, அலவத்துகொட, கடுகண்ணாவை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். முதல் நாள் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது. சுவரில் மூன்று பாஷையிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். வெறும் வயிற்றில் ஒரு முறை இரத்தம் எடுப்போம். பிறகு, "பார்சலை அவிழுங்கோ, சாப்பிடுங்கோ," என்று சத்தம் போடுவேன். மண்டபமெல்லாம் சம்பல் வாசம் அடிக்கும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் மறுபடி எடுப்போம். அந்த இரண்டு இலக்கத்தையும் பார்த்துத்தான் டொக்டர் மருந்துக் குளிசையைக் கூட்டுவார், குறைப்பார்.

வீட்டில் பராட்டாவும் இறைச்சியும் சாப்பிடுகிற மனுஷன் கிளினிக்குக்கு இரண்டு பிஸ்கட் கொண்டு வருவார். "இதுவோ நீங்கள் ஒவ்வொரு நாளும் காலமை சாப்பிடுறது?" என்று கேட்டால், "ஓ மிஸ், எனக்குப் பசியே இல்ல," என்பார். கிளினிக்குக்கு வருகிற ஆள் வேறு, வீட்டில் இருக்கிற ஆள் வேறு என்று எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாரும் எங்களுக்கு முன்னால் நல்ல பிள்ளையாக நடிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையாகவே நல்ல பிள்ளையாக நடந்து ஒருவர் சாகக் கிடப்பார் என்று நினைக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த பெரிய டொக்டர் நோயாளியைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "நாட்டு மருந்து குடிக்கிறியா?" அதைக் கேட்கும்போதே கை மேசையைத் தட்டும். யார் "ஓம்" என்று சொல்வார்கள்? அலவத்துகொடையிலிருந்து வருகிற ஒரு உம்மா, மேலுதட்டில் இலைச்சாறு பச்சையாகக் காய்ந்திருக்க, "இல்ல தொர, சத்தியமா ஒன்டும் குடிக்கல்ல," என்று சொன்னா. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குட்," என்று எழுதினார்.

அவர் மாறிப் போன பிறகு வந்தவர் டொக்டர் சுனேத்ரா. சிங்களப் பெண். தமிழ் கதைப்பார். இலக்கணம் எல்லாம் பிழைதான், ஆனால் யாரையும் "நீ" என்று சொன்னதில்லை. அவருடைய முறையைக் கொஞ்சம் விபரமாக எழுத வேண்டும். நஸ்ரினா கேட்டதற்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

ஆள் வந்து கதிரையில் இருந்ததும் டொக்டர் பேனையை மூடி வைப்பார். கிளினிக் கொப்பியைத் திறக்க மாட்டார். "காலையில் கண் முழிச்சதில இருந்து சொல்லுங்க. முதல் வாயில என்ன போட்டீங்க?" என்பார். மருந்தா, சாப்பாடா என்று கேட்க மாட்டார். வாயில் போட்டது எல்லாம் ஒன்றுதான் அவருக்கு. ஆள் சொல்லி முடித்தால், "பிறகு?" என்பார். பிறகு பேசாமல் இருப்பார். வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது அவர் இப்படிப் பேசாமல் இருப்பதைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனால் அந்த மௌனத்தில்தான் எல்லாம் வெளியே வரும். பாவற்காய்ச் சாறு வரும், கறுவாப் பட்டைத் தண்ணீர் வரும், வெந்தயம் வரும், பக்கத்து வீட்டுக்காரியின் குளிசை வரும். எதைக் கேட்டாலும் அவருடைய முகம் மாறாது. "எவ்வளவு? எந்த நேரம்?" என்று மட்டும் கேட்பார்.

ஒரு நாள் நான் ஒரு ஆளைப் பார்த்துக் கத்தும்போது டொக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: "மிஸ், நீங்க கத்துறது சரி. ஆனா அவர் இனி உங்களுக்கு உண்மை சொல்ல மாட்டார். எனக்கு அது நஷ்டம்." எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் வாயை மூடினேன்.

ரவூப் நானா திகனவில் இருந்து வருகிறவர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுவார். திகன, குண்டசாலைப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போய் இறக்கி, பின்னேரம் திரும்பக் கொண்டு வருவார். பகிடிக்காரர். ஊசி குத்தும்போது, "மிஸ், கொஞ்சம் மிச்சம் வைங்க, வீட்டுக்காரிக்கும் குடிக்க இரத்தம் வேணும்," என்பார். மெட்ஃபோமின் கன காலமாகப் போட்டு வந்தவர். பிறகு சீனி கூடியதால் க்ளிக்லசைட் என்ற குளிசையும் சேர்த்தோம். அது கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிற குளிசை. அளவு கூடினால் சீனி விழுந்து ஆள் மயங்கும்.

அவர் எங்களுக்கு ஏற்ற நோயாளி. பிஸ்கட் விளையாட்டு இல்லை. வீட்டில் சாப்பிடுகிற ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் அப்படியே கொண்டு வருவார். ஆனாலும் ஒவ்வொரு கிளினிக்கிலும் சாப்பாட்டுக்குப் பிந்திய இலக்கம் மேலே நின்றது. டொக்டர் க்ளிக்லசைட்டைக் கூட்டினார். அடுத்த முறையும் மேலே. இன்னும் கூட்டினார்.

ஒரு நாள் காலமை ஆற்றுக்கு மேலே போகிற தென்னக்கும்புறப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரவூப் நானா வேனைக் கரையில் நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து வழிய, "நாம எங்க போறோம்?" என்று பிள்ளைகளிடம் கேட்டாராம். பிள்ளைகள் சிரித்தார்கள், பகிடி விடுகிறார் என்று. பிறகு அழுதார்கள். பெரிய பிள்ளை ஒன்று அவருடைய போனை எடுத்துத் தன் தாய்க்குச் சொல்லிவிட்டது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் சீனி அள்ளிப் போட்டு பிளேன்டீ பருக்கினார். ஆள் தெளியவில்லை. இன்னொரு கோப்பை கொடுத்தார். அதற்கும் கன நேரம் கழித்துத்தான் கண் நிலைக்கு வந்தது.

அன்று பின்னேரமே தாய்மாரின் வாட்ஸ்அப்பில் ரவூப் நானா குடுக்காரன் ஆகிவிட்டார். தூள் அடித்துவிட்டு வேன் ஓட்டுகிறான் என்று எழுதினார்கள். சீனி விழுந்திருந்தால் இரண்டு கோப்பை இனிப்புத் தேத்தண்ணிக்கு எழும்பியிருக்க வேண்டாமா என்று ஒருத்தி நியாயம் கேட்டாளாம். அவர் ஏன் எழும்பவில்லை என்று எனக்கும் விளங்கவில்லை. அதுதான் உண்மை.

அடுத்த கிளினிக்குக்கு ரவூப் நானா மனைவி பரீனாவோடு வந்தார். பகிடி ஒன்றும் இல்லை. இரத்தம் எடுத்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் வழமை போல இலக்கம் மேலேதான். அன்று டொக்டரோடு இருந்த சின்ன டொக்டர், "சீனி இவ்வளவு இருக்கு, எப்படி விழும்? நடிப்போ தெரியாது," என்று ஆங்கிலத்தில் சொன்னார். ரவூப் நானாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். தலையைக் குனிந்துகொண்டார்.

டொக்டர் சுனேத்ரா பேனையை மூடினார். "கண் முழிச்சதில இருந்து சொல்லுங்க."

"சுபஹுக்கு எழும்புவேன். வுழு எடுத்துத் தொழுவேன். தண்ணி குடிப்பேன். குளிசையப் போட்டுச் சாப்பிடுவேன். வேன எடுப்பேன்."

"பிறகு?"

"மறுகா என்ன டொக்டர், புள்ளைகளோட கத்துறதுதான்."

டொக்டர் பேசாமல் இருந்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். "வயிறு எப்படி? காத்துப் போகுதா?"

ரவூப் நானாவின் முகம் சிவந்தது. பரீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதக் கேளாதீங்க டொக்டர். வேன்ல புள்ளைகள் மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் போகுது. 'அங்கிள் ஹோர்ன் அடிக்கிறாரு'ண்டு செல்லிச் சிரிக்குதுகள்."

"வாயப் பொத்து புள்ள!" என்றார் ரவூப் நானா.

"மெட்ஃபோமின் செய்யிற வேலை," என்றேன் நான். அந்தக் குளிசை வயிற்றைப் புரட்டுவது எங்களுக்குப் பழகிய கதை.

"மெட்ஃபோமின் எத்தனை வருஷமாப் போடுறார் மிஸ்? இந்தக் காத்து எப்ப தொடங்கினது?" என்றார் டொக்டர்.

பரீனா யோசித்தாள். "நோம்புப் பெருநாளுக்குப் பொறகு. அதுக்கு முந்தி இப்பிடி இல்ல."

"பெருநாளுக்கு என்ன நடந்தது?"

"ஒன்டும் நடக்கல்ல டொக்டர். என்ட தம்பி கடுகண்ணாவையில ஈக்கிறாரு. அவரு வந்தாரு, புள்ளைகளுக்கு உடுப்புக் கொண்டாந்தாரு, இவருக்கு ஒரு கோப்ப கொண்டாந்தாரு…"

"என்ன கோப்பை?"

கொத்தல ஹிம்புட்டு மரக் கோப்பை. அது ஒரு காட்டுக் கொடி. அதன் கட்டையைக் குடைந்து கோப்பையாக்கி ரோட்டோரக் கடைகளில் விற்பார்கள். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலமை தேயிலைச் சாயம் போலச் சிவந்து கிடக்கும். சீனி வருத்தத்துக்கு அதைக் குடிக்கிறது இங்கே எல்லாச் சாதி சனத்துக்கும் பழக்கம். கோப்பை பழசானால் சாயம் இறங்காது. ரவூப் நானாவிடம் இருந்தது புத்தம் புதுக் கோப்பை.

"தண்ணி குடிக்கிறேண்டு நான் செல்லினேன்தானே?" என்றார் அவர். அவர் ஒளிக்கவில்லை. அது அவருக்கு மருந்தே இல்லை, தண்ணீர்.

"இண்டைக்குக் காலமை அந்தத் தண்ணி குடிச்சீங்களா?" டொக்டரின் குரல் மெதுவாக இருந்தது.

"இல்ல டொக்டர். கிளினிக் நாள்ல குடிக்க மாட்டேன். பச்சத் தண்ணியத் தவிர ஒன்டும் வாயில வைக்காம வரச் செல்லித்தானே சுவத்துல எழுதி ஈக்கிது?"

நான் அந்த நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தேன். பெருநாளில் இருந்து ஒவ்வொரு நாளும் குடிக்கிறார். நாங்கள் இரத்தம் எடுக்கிற நாளில் மட்டும், எங்கள் சொல்லைக் கேட்டு, குடிக்காமல் வருகிறார். அந்த ஒரு நாள் இலக்கத்தைப் பார்த்து நாங்கள் குளிசையைக் கூட்டுகிறோம். அந்தக் கூட்டிய குளிசையை மற்ற நாளெல்லாம் கோப்பைத் தண்ணீரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றி வேன் ஓட்டுகிறார்.

டொக்டர் க்ளிக்லசைட்டை அந்த இடத்திலேயே வெட்டினார். "அடுத்த கிழமை கோப்பையோட வாங்க," என்றார்.

அடுத்த கிழமை ரவூப் நானா துவாய்த் துணியில் சுற்றிய கோப்பையோடு வந்தார். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தேன். தண்ணீரைக் குடிக்க வைத்து, அதே ரொட்டியை, அதே சம்பலைச் சாப்பிட வைத்தோம். இரண்டு மணித்தியாலத்தில் மறுபடி எடுத்தேன். க்ளிக்லசைட் இல்லாமலே இலக்கம் கீழே நின்றது. நான் இரண்டாம் முறையும் குத்திப் பார்த்தேன். அதே கதைதான்.

டொக்டர் அவருக்குச் சொன்னதை நான் பின்னால் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். "மாச்சத்தை வெட்டிச் சீனியாக்க சிறுகுடல்ல ஒரு கத்தரிக்கோல் இருக்கு. இந்தக் கொடியில இருக்கிற சாமான் அந்தக் கத்தரிக்கோலைப் பிடிச்சு வைக்குது. அப்ப நீங்க சாப்பிட்ட ரொட்டி நிறைய வெட்டுப்படாம கீழ பெருங்குடலுக்குப் போகுது. அங்க கோடிக்கணக்கில பக்டீரியா இருக்கு. அதுகளுக்குக் கலியாணச் சாப்பாடு. தின்னுதுகள், காத்து விடுதுகள்."

ரவூப் நானா நிமிர்ந்தார். "அப்ப காத்து விடுறது நானில்ல, அதுகளா?"

"அதப் போய் வேன்ல ஈக்கிற புள்ளைகள்கிட்டச் செல்லுங்க," என்றாள் பரீனா.

சீனித் தேத்தண்ணி ஏன் எழுப்பவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. கடைச் சீனி இரண்டு துண்டு ஒட்டிய சாமான். அதையும் அதே கத்தரிக்கோல்தான் வெட்ட வேண்டும். கத்தரிக்கோலைக் கட்டி வைத்துவிட்டு எத்தனை கரண்டி போட்டாலும் இரத்தத்தில் சேர நேரம் எடுக்கும். "இதே வேலை செய்யிற குளிசை ஒண்டு இருக்கு. அதப் போட்டவருக்கு மயக்கம் வந்தா, வெட்டத் தேவை இல்லாத குளுக்கோஸ்தான் குடுக்கச் சொல்லி இருக்கு. இந்தக் கோப்பைக்கு அப்படி எழுதி வைக்க இல்லை. அதுக்காக நான் காத்திருக்கப் போறதில்லை," என்று டொக்டர் ஒரு குளுக்கோஸ் பக்கெட்டை அவருடைய சட்டைப் பையில் வைத்தார்.

சின்ன டொக்டர் மெதுவாக, "நாட்டுச் சாமான் எல்லாம் பொய் இல்லைப் போல," என்றார். "மெட்ஃபோமினும் ஒரு செடியிலிருந்து தொடங்கின கதைதான்," என்றார் டொக்டர். "அதுவும் குடல் பக்டீரியாவை மாத்துது எண்டு இப்ப சொல்றாங்க. இந்தப் பக்டீரியா தின்னுட்டு விடுற சில அமிலங்கள் சீனிக்கு நல்லதாம். ஆனா ஒவ்வொருத்தர் குடல்லயும் வேற வேற கூட்டம். இவருக்குக் கேக்கிறது இன்னொருத்தருக்குக் கேக்காது. எவ்வளவு கேக்கும் எண்டு எனக்குத் தெரியாது." தெரியாது என்று நோயாளிக்கு முன்னால் சொன்ன டொக்டரை நான் அதற்கு முன் கண்டதில்லை. வீடியோக்காரன் ஒருவனாவது அந்தச் சொல்லைச் சொல்லட்டும் பார்ப்போம்.

கோப்பையை விடச் சொல்லி டொக்டர் கேட்டார். ஒரு கோப்பை போல இன்னொன்று இருக்காது, இன்றைக்கு இறங்குகிற சாயம் அடுத்த மாதம் இறங்காது என்று விளங்கப்படுத்தினார். ரவூப் நானா விட மாட்டேன் என்றார். "அப்ப க்ளிக்லசைட் உங்களுக்கு இல்லை. கோப்பை மாத்தினாச் சொல்லணும். கிளினிக் நாள்லயும் குடிக்கணும்," என்று டொக்டர் கொப்பியில் மெட்ஃபோமினுக்குக் கீழே மற்ற மருந்துகளைப் போலவே கோப்பையையும் எழுதினார். இதைப் படித்துவிட்டு யாரும் கோப்பை வாங்க ஓட வேண்டாம். உங்கள் குளிசை எது, குடல் எது என்று எனக்குத் தெரியாது.

பிறகு டொக்டர், "மூன்று மாசம் வேன் ஓட்டக் கூடாது," என்றார்.

அதற்குத்தான் ரவூப் நானா வெடித்தார். டொக்டரிடம் இல்லை, என்னிடம். "அப்ப என்ட புள்ளைகள் மண்ணத் தின்றதா மிஸ்? நீங்க செல்லின எல்லாம் கேட்டேன். குடியாதண்டீங்க, குடிக்கல்ல. குளிசையக் கூட்டினீங்க, கூட்டிப் போட்டேன். கேட்டவன வீட்டுல ஒக்காரச் செல்றீங்க. பிஸ்கட் கொண்டு வந்து ஏமாத்துறவன் எல்லாம் ரோட்டுல ஓட்டுறான்!"

"ஆத்துக்குள்ள விழுந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்கள்?" என்று நானும் கத்தினேன். பரீனா அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் போன பிறகு நான் கதிரையில் ஏறி, சுவரில் இருந்த நோட்டீஸைக் கிழித்தேன். புதிதாக எழுதினோம்: வீட்டில் காலையில் குடிப்பது எதுவாக இருந்தாலும் கொண்டு வரவும், சாப்பாட்டுப் பார்சலோடு எங்களுக்கு முன்னால் குடிக்கவும்.

அந்த மூன்று மாதமும் ரவூப் நானாவின் மைத்துனர் கடுகண்ணாவையிலிருந்து வந்து வேனை ஓட்டினார். ஆனால் வாட்ஸ்அப் வேலை செய்துவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வேறு வேன்களுக்குப் போயின. ரவூப் நானா கிளினிக்குக்கு ஒழுங்காக வந்தார். என்னோடு கதைக்கவில்லை. கையை நீட்டுவார், முகத்தைத் திருப்புவார். சீனி ஒரு முறையும் விழவில்லை, பெரிதாக ஏறவும் இல்லை. காத்தும் குறைந்துவிட்டதாகப் பரீனா சொன்னாள். குடலில் இருக்கிற கூட்டம் பழகிவிடும் என்றார் டொக்டர்.

மூன்றாம் மாதம் டொக்டர் அவரை ஓட்டலாம் என்றார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும், குறைவாக இருந்தால் வேன் திறப்பைத் தொடக் கூடாது. ரவூப் நானா தலையாட்டினார். "ஓட்டலாம் டொக்டர். ஏறத்தான் ஒருத்தரும் இல்ல," என்றார்.

நான் குண்டசாலையில் மகளோடு இருக்கிறேன். அன்று வீட்டுக்குப் போய், பேரப்பிள்ளை திங்கள் முதல் ரவூப் நானாவின் வேனில் போவான் என்று சொன்னேன்.

"அம்மா, உங்களுக்கு விசரே? அந்த மனுஷன் வேனுக்குள்ள மயங்கினவன்!"

"ஓம். அதனாலதான் அவற்ற இரத்தத்தை நான் மூண்டு மாசமாப் பாத்திருக்கிறன். இப்ப இவன் போற வேன்காரன்ர இரத்தத்தை நீ பாத்தனியே?"

மகள் என்னோடு சண்டை பிடித்தாள். கிழமை முழுக்கச் சரியாகக் கதைக்கவில்லை. நான் விடவில்லை.

திங்கட்கிழமை வேன் எங்கள் கேட்டில் வந்து நின்றது. உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எதிர் வீட்டுக்காரி தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு வேனுக்காக நின்றாள். வாட்ஸ்அப்பில் நியாயம் கேட்டவள் அவள்தான்.

ரவூப் நானா இறங்கினார். "புள்ளய ஏறச் செல்லுங்க மிஸ்," என்றார். முகம் இன்னும் கடுமையாகத்தான் இருந்தது.

"முதல்ல குத்துங்கோ."

"வீட்டுல குத்திட்டுத்தான் வந்தேன்."

"எனக்கு முன்னால குத்துங்கோ. எனக்கு ஒருத்தரையும் நம்பிப் பழக்கம் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "கொஞ்சம் மிச்சம் வைக்கட்டுமா மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே மெஷினை எடுத்து, வேனின் மூக்கில் வைத்து, விரலைக் குத்தினார். இலக்கம் வந்தது. நான் குனிந்து பார்த்தேன். நல்ல இலக்கம். கதவை இழுத்துத் திறந்து பேரனை ஏற்றினேன்.

எதிர் வீட்டுக்காரி மகளையும் இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள். "எத்தனை மிஸ்?" என்று கேட்டாள்.

நான் சொல்லவில்லை. ரவூப் நானா மெஷினை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.